பார்வைக்கு வந்த ஐந்து மெஷர் தியரி புத்தகங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன். பேனாவைக் கையில் எடுப்பேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப்போன பிலோமினா எம்.எஸ்ஸி. கணக்குப் புத்தகத்தைப் பற்றி எழுத வந்துவிட்டாளா என்று யாரோ காதருகே சிரிப்பது போல இருக்கும். மூடி வைத்துவிட்டு செபமாலையை எடுத்துக்கொள்வேன். மாதா கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியம்.

போன மாதம் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் பேசினாள்.

"அக்கா, மெஷர் தியரிக்கு மொத மொதல்ல படிக்கற மாதிரி ஒரு புக் சொல்லுங்கன்னு பசங்க உயிர எடுக்கறாங்க. போன்ல தேடுனா கணக்கில்லாம வருதாம். எது நல்லதுன்னு அவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நீங்க இருந்தப்ப எப்பிடி எடுத்தீங்க?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "எடுத்தோமே! அதுக்கு ஒரு பெரிய கதையே இருக்குதே!" என்றேன். போனில் சொல்லி முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். தருமபுரியில் ஒரு கல்லூரியின் நூலகத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். தூசி தட்டினேன், பெருக்கினேன், பசை காய்ச்சினேன். பிறகு புத்தகத்துக்கு எண் ஒட்டக் கற்றுக்கொண்டேன். ஆண்டவர் புண்ணியத்தில் வேலையும் நிரந்தரமானது, உதவியாளர் ஆனேன். புத்தகங்களின் முதுகு எல்லாம் எனக்கு மனப்பாடம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. நூலக எண் வரிசையில் ஐந்நூற்றுப் பத்துக்குப் பக்கத்து அலமாரிகள் கணக்கு என்று தெரியும். அவ்வளவுதான்.

நூலகர் திலகவதி அம்மா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. புதுப் புத்தகம் வந்தால் அவர் திறக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். நேராக நடுவில் பிளக்க மாட்டார். முதுகை மேசையில் நிறுத்துவார். முன் அட்டையை மெல்லச் சாய்ப்பார், பின் அட்டையைச் சாய்ப்பார். பிறகு முன்னால் கொஞ்சம் தாள், பின்னால் கொஞ்சம் தாள் என்று மாற்றி மாற்றி நீவி நடுவுக்கு வருவார். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல இருக்கும். "பிலோமினா, மொத நாள் முதுகு ஒடைஞ்சா ஆயுசுக்கும் அந்தப் பக்கத்துலதான் தெறக்கும்" என்பார். அப்படித் திறந்துகொண்டே முன்னுரையைப் படித்துவிடுவார். யாருக்காக எழுதினேன் என்று ஆசிரியர் அங்கேதான் சொல்லியிருப்பாராம்.

அந்த வருடம் மெஷர் தியரி தாளுக்குப் புத்தகம் வாங்க வேண்டியிருந்தது. அது எம்.எஸ்ஸி. கணக்கில் ஒரு தாள். அளப்பதைப் பற்றிய பாடம். ஒரு கோட்டுத் துண்டு இவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் சிதறிக் கிடக்கும் புள்ளிகளை எல்லாம் சேர்த்தால் எவ்வளவு நீளம் என்று கேட்கிற பாடம் அது. எங்கள் கல்லூரியில் அதிகம் பேர் தோற்பது அதில்தான். ஒரே ஒரு தலைப்பைத் தேர்ந்து அதில் பல பிரதிகள் வாங்கலாம் என்று முடிவானது. எந்தத் தலைப்பு என்பதுதான் பிரச்சனை.

கணக்குத் துறைத் தலைவர் கிருஷ்ணப்பா சாருக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர் மாணவராக இருந்தபோது படித்த ஒல்லியான நீல அட்டைப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் சில பழைய பிரதிகள் எங்களிடம் இருந்தன. அதையே புதிதாக வாங்கச் சொன்னார். அவர் நல்ல மனிதர். ஓசூர் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். பதற்றம் வந்தால் 'பாரு' என்பதற்கு 'நோடு' என்பார்.

திலகவதி அம்மா அந்தப் பழைய பிரதிகளை எடுத்து, தாள்களின் ஓரம் தெரியும்படி மேசையில் படுக்க வைத்தார். எல்லாவற்றிலும் முதல் சில பக்கங்களின் ஓரம் கைபட்டுப் பழுப்பேறியிருந்தது. அதற்குப் பிறகு புதுத்தாள் போல ஒரே வெள்ளை.

"சார், நம்ம பசங்க இது வரைக்கும்தான் வந்திருக்காங்க."

"கஷ்டமான பாடம்மா அது. கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்காக வாழப்பழத்த உரிச்சு வாயில வெக்க முடியுமா?"

"உரிக்க வேணாங்க சார். தோல் எந்தப் பக்கம் இருக்குன்னாவது காட்டற புக்கு இருக்கான்னு பாப்போம்" என்றார் அம்மா. அவர் அப்படிப் பேசியதே எனக்கு அதிசயம். சாரும் சிரித்துவிட்டார். "பாருங்க, பாருங்க. ஆனா கடைசில இதுக்குத்தான் வருவீங்க" என்று நீலப் புத்தகத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

சேலத்திலிருந்து மாணிக்கம் அண்ணன் என்றொரு புத்தக ஏஜெண்ட் வருவார். சார் சொன்ன நீல அட்டையையும் சேர்த்து ஐந்து புத்தகங்களை அவர் 'பார்வைக்கு' வைத்துவிட்டுப் போனார். பார்வைக்கு வந்த புத்தகம் என்றால் அதற்கு ஒரு ஆசாரம் உண்டு. முத்திரை குத்தக் கூடாது, எண் ஒட்டக் கூடாது, பக்கத்தை மடிக்கக் கூடாது. பழுப்புத்தாளில் உறை போட்டு, தனிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். படிப்பவர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். பிடித்ததை வைத்துக்கொண்டு, மற்றதை வந்தபடியே திருப்பித் தர வேண்டும். ஒரு கோடு விழுந்தாலும் அது நம் தலையில்தான். சாவி என் இடுப்பில்.

"இப்ப இதுல எது நல்லதுன்னு யாரு சொல்றதுங்கம்மா?" என்று கேட்டேன்.

"இந்தப் பேப்பர்ல ரொம்ப நாளா தோத்துட்டு இருக்கறது யாரு?"

யோசிக்கவே வேண்டியதில்லை. சுமதி. எங்கள் கல்லூரியில் படித்தவள். ஏரியூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், இண்டூரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஒரு தனியார் பள்ளியில் சின்ன வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். எம்.எஸ்ஸி.யில் எல்லாத் தாளும் முடித்துவிட்டாள், இந்த ஒன்று மட்டும் நின்றது. பிளஸ் டூவுக்குக் கணக்கு டீச்சர் வேலை உனக்குத்தான், பட்டம் கையில் வரட்டும் என்று பள்ளி நிர்வாகம் சொல்லியிருந்தது. பல்கலைக்கழகத்திலோ அவளுக்கு அடுத்த தேர்வுதான் கடைசி வாய்ப்பு. அதில் போனால் பட்டமே இல்லை, படித்ததெல்லாம் பாதியில் நின்ற கணக்குதான்.

சொல்லி அனுப்பினோம். அந்தச் சனிக்கிழமையே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கோபமே வந்துவிட்டது அவளுக்கு.

"என்னாங்கக்கா, கிண்டலா? பாஸான புள்ளைங்க அத்தன பேரு இருக்க, தோத்தவளையா கூப்பிட்டு செலக்ட் பண்ணச் சொல்றீங்க?"

"பாஸானவங்களுக்கு எல்லா புக்கும் நல்லாத்தான் இருக்கும்மா" என்றார் திலகவதி அம்மா. "எந்த எடத்துல கால் எடறும்னு ஒனக்குத்தான் தெரியும். ஒனக்கு எடறுன ஒரே எடத்த எடுத்துக்க. அஞ்சு புக்குலயும் அதே எடத்தப் படி. எது ஒன்னக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவுதுன்னு சொல்லு."

இதுதான் முறை. எத்தனையோ பாடங்களுக்கு இதையே செய்தோம், இன்றைக்கும் செய்யலாம். முதல் பக்கத்தை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. முதல் பக்கம் எல்லாப் புத்தகத்திலும் சுலபம்தான். தனக்கு இடறிய இடத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

சுமதிக்கு இடறிய இடம் எது என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டு நான் வாயைப் பிளந்துவிட்டேன். எனக்கே புரிந்தது!

"ஒரு மீட்டர் கோடு இருக்குதுன்னு வெச்சுக்கங்கக்கா. அதுல அர, கால், முக்கால்னு பின்னம் எல்லாம் புள்ளியா இருக்கு. எங்க தொட்டாலும் பக்கத்துலயே ஒரு பின்னம் இருக்கும். ஆனா அத்தனையையும் ஒரு வரிசையில நிறுத்திப் போடலாம். வரிசை முடியாது, அவ்ளோதான்."

"நற்கருணை வாங்கற வரிசை மாதிரி."

"சர்ச்சுல அது முடிஞ்சிருமேக்கா. இது முடியாது. இப்ப மொதப் புள்ளிய மூட ஒரு துண்டுத் துணி. அடுத்ததுக்கு அதுல பாதி. அதுக்கடுத்து அதுலயும் பாதி. இப்பிடியே போனா மொத்தத்துக்கும் ஒரு சாண் துணி போதும். அதுலயும் மிச்சம் புடிக்கலாம்."

"அடியாத்தி! அத்தன புள்ளிக்குமா?"

"அத்தனைக்கும். இது எனக்குப் புரியுது. எடறுறது இதுக்கப்புறம். எங்க பாத்தாலும் பின்னம் இருக்கு, அத்தனையையும் மூடியாச்சு. அப்ப முழுக் கோடும் மூடிருச்சுதானே? ஒரு மீட்டர் கோடு ஒரு சாண் துணிக்குள்ள எப்பிடிக்கா அடங்கும்? இல்ல, அடங்காதுன்னு புக்குல போட்டிருக்கு. நானும் நெட்டுரு போட்டு எழுதுவேன். ஒரு வார்த்த மாத்திக் கேட்டாங்கன்னா அம்பேல்."

அன்று முழுக்க நான் கண்ணில் பட்டதை எல்லாம் மனதுக்குள் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிறு திருப்பலியில் சாமியார் பிரசங்கம் செய்யும்போதுகூட, ஆண்டவரே, ஒரு மீட்டர் கோடு ஒரு சாண் துணிக்குள் அடங்குமா என்றுதான் ஓடியது. அவர் மன்னிப்பார். அவர் படைத்த கோடுதானே!

ஒவ்வொரு சனிக்கிழமையும் இண்டூர் பஸ்ஸில் வந்து இறங்குவாள். முதலில் நீல அட்டை. அதில் அந்த இடம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. "இது எளிதில் விளங்கும்னு போட்டிருக்காருக்கா. யாருக்கு விளங்கும்னு போடல" என்று மூடினாள். இரண்டாவது தலையணை அளவு. மெஷர் தியரி நடுவில் எங்கோ இருந்தது, அதற்கு முன்னால் பாதிப் புத்தகத்தைக் கடக்க வேண்டும். மூன்றாவது தேர்வுக் கேள்விகளும் விடைகளுமாக அடுக்கியது. எனக்கு அதுதான் பிடித்தது, சொன்னேன். "இதே மாதிரி ஒண்ண வெச்சுத்தான் நான் தோத்தேன்" என்றாள். நான்காவது நாணயம் சுண்டுவது, சீட்டு எடுப்பது என்று ஆரம்பித்தது. நன்றாக இருக்கிறது, ஆனால் நிகழ்தகவு தெரிந்தவர்களுக்கு என்றாள்.

ஐந்தாவது நடுத்தர அளவு, பழுப்பு உறைக்குள் பச்சை அட்டை. வெறும் கோட்டையும் நீளத்தையும் வைத்தே பல பக்கங்கள் போயின. படமும் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஓரம் அகலமாக விட்டிருந்தார்கள். நடு நடுவே நிறுத்தி, 'இது ஏன்?' என்று கேட்டிருந்தது. விடை அங்கே இல்லை. கடைசியில் சின்னக் குறிப்பு மட்டும். சுமதி அன்று தலை நிமிராமல் படித்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மதியம் பன்னிரண்டுக்கு நான் மூவேளை செபம் சொல்வது வழக்கம். பின்வரிசை அலமாரிக்குப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டு வருவேன். அன்று சுமதிக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டு திரும்பினேன். பார்த்தால், அவள் கையில் நீல பால்பாயின்ட் பேனா! பச்சைப் புத்தகத்தின் ஓரம் முழுக்க, மேலிருந்து கீழ் வரை எழுதியிருக்கிறாள்!

"அடிப்பாவி! பார்வைக்கு வந்த புக்குல பேனாவுலயா எழுதுன?"

அவள் தூக்கத்திலிருந்து விழித்தவள் போலப் பார்த்தாள். பிறகுதான் பேனாவைப் பார்த்தாள். "ஐயோ அக்கா! கேட்டிருந்துச்சு, எழுதிட்டேன்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மாணிக்கம் அண்ணன் பையோடு உள்ளே வந்தார், திருப்பித் தர வேண்டியதை எடுத்துப் போக. பக்கத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, பொண்ணு பாக்க வாங்கன்னு கூப்ட்டா தாலியவே கட்டிட்டீங்களே! இனி இத எந்த வூட்டுல கொண்டுபோயிக் காட்டுவேன்?"

திலகவதி அம்மா எழுந்து வந்தார். எழுதிய பக்கத்தைப் பார்த்தார், சுமதியைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "கிருஷ்ணப்பா சாரக் கொஞ்சம் கூப்பிடு" என்றார்.

சனிக்கிழமை சிறப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த சார், சாக்பீஸ் தூள் ஒட்டிய கையோடு வந்தார். நடந்ததைக் கேட்டதும், "நோடு, நோடும்மா! எம்.எஸ்ஸி. படிச்ச புள்ள செய்யற வேலையா இது?" என்று சத்தம் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தின் மேல் குனிந்தார். பாதி தமிழ், பாதி ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். சார் படித்தார். மறுபடி மேலே போய்ப் படித்தார்.

"இத யாரு சொல்லிக்குடுத்தது ஒனக்கு?"

"யாருமில்லீங்க சார். புக்கு கேட்டுச்சுங்க. நான் சொன்னேன்."

"வாயில சொல்லு பாப்போம்."

சுமதி முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். போகப் போக வேகம் பிடித்தது.

"ஒரு சாண் துணியில பின்னத்த எல்லாம் மூடிட்டோம்ங்க சார். அது முழுக் கோட்டையும் மூடிருச்சுன்னே வெச்சுக்குவோம். அப்பிடி மூடியிருந்தா, அந்த முடிவில்லாத துண்டுல எண்ணி எடுக்கற மாதிரி கொஞ்சம் துண்டே முழுக் கோட்டுக்கும் போதும்னு முன்னாடி ஒரு தேற்றம் இருக்குங்க. கொஞ்சம் துண்டுன்னா, ஒண்ணோட ஒண்ணு மேல விழற மாதிரி இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் வரிசையா வெச்சுக் கூட்டிப் பாத்துரலாம். கூட்டுனா ஒரு மீட்டருக்குக் கொறையாதுங்க. நம்மகிட்ட இருக்கறது ஒரு சாண். அப்ப மூடலைங்க சார்! பின்னம் எங்க பாத்தாலும் இருக்கு, ஆனா முக்காவாசிக் கோடு துணிக்கு வெளியதான் நிக்குது!"

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "கரெக்ட்டும்மா. நூத்துக்கு நூறு கரெக்ட்டு" என்றார். பச்சைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "இதுல கடைசி யூனிட்டுக்கு ஒண்ணும் இல்ல, தெரியுமா? சிலபஸ் முழுக்க இதுல முடியாது."

"கடைசி யூனிட்டுக்கு உங்க நீல புக்கு பழைய காப்பி இருக்குங்களே சார்" என்றார் திலகவதி அம்மா.

சார் பச்சைப் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். "செரி. மொதல்ல இது. நடக்கப் பழகுன அப்புறம் என்னோடது. இதுலயே எல்லாக் காப்பியும் வாங்கிருங்க." சுமதியிடம் திரும்பி, "கடைசி யூனிட்ட நானே நடத்தறேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வா. பேனாவ மட்டும் பையில வெச்சுக்க" என்றார்.

மாணிக்கம் அண்ணன், "அப்ப இந்தத் தாலி கட்டுனது?" என்றார்.

"அது எங்க வூட்டுப் பொண்ணு" என்று நான் முந்திக்கொண்டு சொல்லி, முத்திரையை எடுத்து முதல் பக்கத்தில் குத்தினேன். என் வேலைக்காலத்தில் அவ்வளவு அழுத்தி வேறு எதிலும் குத்தியதில்லை!

தேர்வன்று தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். சாயங்காலம் சுமதி எட்டிப் பார்த்தாள். "ரெண்டு கேள்வி விட்டுட்டேன்க்கா. மத்ததெல்லாம் யோசிச்சு எழுதுனேன். மொத தடவையா யோசிச்சு எழுதுனேன்" என்றாள். பாஸாவாளா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முடிவு வரும்வரை நானும் திலகவதி அம்மாவும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. பேசினால் பயம் வரும்.

முடிவு வந்த அன்று கணவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போதே தெரிந்துவிட்டது. கணவர் என்னைப் பார்த்து, "இனிமேலாச்சும் சனிக்கெழம எனக்கு வூட்டுல சுடுசோறு கெடைக்குமாங்க?" என்று கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில், நூலகத்தில் சத்தம் போடாதீர்கள் என்ற பலகையை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கல்வி ஆண்டிலேயே பிளஸ் டூ வகுப்பு அவளுக்குக் கிடைத்தது.

படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். எங்கள் பங்குக் கோயில் மக்களிடம் இது ஏற்கெனவே வேறு மாதிரி சுற்றுகிறது. நான் செபம் சொன்னபோது புத்தகம் தானாகத் திறந்துகொண்டது என்கிறார்கள். இல்லை, சுமதிதான் திறந்து வைத்திருந்தாள். நான் செபித்தது உண்மை, அவள் எழுதியதும் உண்மை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவது ஆண்டவர் வேலை, நம்முடையது அல்ல. பேராசிரியர் தலைகுனிந்து நின்றார் என்கிறார்கள். அவர் குனிந்தது எழுத்துப் பொடியாக இருந்ததால். பல்கலைக்கழகத்திலேயே அவள்தான் முதல் மார்க் என்கிறார்கள். அதுவும் இல்லை. பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் வாங்கினாள். தயவுசெய்து அதில் ஒரு மார்க்கைக்கூட ஏற்றிச் சொல்லாதீர்கள். அது முழுக்க அவளாகவே வாங்கியது.